நாலுதானே?

ஜூன் 4

அக்கா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடுவாய் என்று நினைத்தேன். இந்த வரியைப் படிக்கிறாய் என்றால் கிழிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயம். போனில் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசை மேலே உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒன்பது வருஷம் ஆகிறது. நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். எனக்கு அது வராது, உனக்கும் அது பிடிக்காது. விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஆட்டம் முடியப் போகிறது. பட்டியலில் முதல் எண்பது பேருக்குத்தான் அடுத்த வருஷம் ஆடும் உரிமை கிடைக்கும். நான் நூற்றுப் பதினாலாவது இடத்தில் இருக்கிறேன். மழை வரப்போவதை இடது மணிக்கட்டு முதல் நாளே சொல்லிவிடுகிறது. அதைக்கூடக் கட்டுப் போட்டுச் சமாளித்துவிடலாம். குழிக்கு ஓர் எட்டு தூரத்தில் பந்து கிடக்கும், சின்னக் குழந்தைகூடத் தள்ளிவிடும், அங்கே போய் நின்றால் என் கை நடுங்குகிறது. கோல்ஃப் ஆடிச் சம்பாதிக்கிறவளுக்கு இதைவிடக் கேவலம் வேறு கிடையாது. டிவியில் அதை மட்டும் நிதானமாகத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், பாவிகள்.

அக்டோபரில் கடைசிப் போட்டி. அதில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம். வராவிட்டால் மட்டைகளைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான். எங்கே நடக்கிறது தெரியுமா? நாம் ஜெயித்த அதே மைதானம். அங்கே எந்த மேட்டில் பந்து உருளும், எந்தப் பள்ளத்தில் நிற்கும் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

நீ போன பிறகு பதினோரு பேர் என் மட்டைப் பையைத் தூக்கிவிட்டார்கள். ஒருவர், காற்று எப்படி என்று கேட்டால் வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பார். ஒருத்தி, நான் பந்தைக் குளத்தில் அடித்தாலும் கைதட்டுவாள். இப்போது இருப்பவர் நல்ல மனிதர், ஆனால் நடந்தால் பைக்குள் மட்டைகள் கடகடவென்று இடித்துக்கொண்டே வரும். நீ தூக்கும்போது ஒரு சத்தம் வராது.

பையைத் தூக்க நாலு நாள் மட்டும் வா. என்னோடு பேச வேண்டாம். தூரத்தையும் காற்றையும் மட்டும் சொல். போதும்.

குட்டி

ஜூன் 15

குட்டிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நாள் முழுக்கத் துணி தைக்கிறவள் காரணமில்லாமல் எதையும் கிழிக்க மாட்டாள்.

வர முடியாது. முழங்கால் போய்விட்டது, அதைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் முழங்கால் நன்றாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன், அதனால் அதை ஏன் இதில் இழுக்க வேண்டும்.

நான் இருப்பது உடுப்புகளைத் திருத்திக் கொடுக்கும் கடை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. ஜன்னல் ஓரம் என் மெஷின். மூலையில் ஒரு டிவி, சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். போன வாரம் அதில் நீ வந்தாய். கடைக்கார அம்மா பட்டன் பொறுக்கிக்கொண்டே கேட்டார், "இந்த ஆட்டத்துல அம்பயர் எங்கம்மா நிக்கிறாரு?" என்று. கூடவே நின்று தப்பு பிடிக்கிற ஆளெல்லாம் கிடையாது, தப்பு செய்தால் ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும், ஒருத்தி அடித்த கணக்கை இன்னொருத்தி அட்டையில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள் என்றேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப யாரு வேணாலும் ஏமாத்தலாம்னு சொல்லு."

உன்னை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மணிக்கட்டை ஐஸில் வை, வெந்நீரில் வைக்காதே. "நாம் ஜெயித்த" என்று எழுதியிருக்கிறாய். என்னை அதில் சேர்க்காதே.

அக்கா

ஜூன் 21

அக்கா,

தெரியாது என்றாயா? சரி. பதினோரு வருஷம் ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, என் காலில் கொப்புளம் வந்தால் ஊசியைச் சுட்டு உடைத்து விட்டவள். தெரியாது. நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் சொல்லட்டுமா? கோப்பையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். கழுத்து வலிக்கிற வரை நின்றேன். சாயந்திரம் ஆறு மணிக்கு அறைக்கு வந்தால் கதவில் பை சாய்ந்திருக்கிறது. பதினாலு மட்டையும் துடைத்து, நீளவாரியாக அடுக்கி, துண்டை மடித்து மேலே போட்டு. உன் பெட்டி இல்லை. ஏதோ வாங்கப் போயிருக்கிறாய் என்று நினைத்து இரண்டு பேருக்கும் சாப்பாடு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போய்த் தோல் கட்டிய உன் பங்கை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு போட்டிதான். அன்றைக்கு ராத்திரி நான் தனியாகச் சாப்பிட்டேன்.

மேடையில் உன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். தெரியும். புல் வெட்டுகிறவர்களுக்கு நன்றி சொன்னேன், மழை பெய்யாததற்கு நன்றி சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை ஹோட்டல் கண்ணாடிகளின் முன்னால் அந்த நன்றியுரையைத் திருத்திப் பேசியிருக்கிறேன் தெரியுமா? எல்லாவற்றிலும் முதல் பெயர் உன்னுடையது.

இல்லை, பழைய கணக்கா? அப்பா புல் வெட்டும் வண்டி ஓட்டிய மைதானத்தில் யாரோ விட்டுப் போன ஒரே ஒரு மட்டை. நாம் முறை வைத்து அடித்தோம். உன் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். நீ கொடுத்துவிட்டு பந்து பொறுக்கப் போனாய். அதற்காகவா?

என்ன தப்பு என்று சொல்லாமல் தண்டனையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பது எந்த ஊர் நியாயம்? சொல்லிவிடு. சொன்னால் அப்புறம் வா என்று கேட்கவே மாட்டேன்.

குட்டி

ஜூலை 9

குட்டி,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒருத்தி வந்தாள். அதனால் எழுதுகிறேன்.

வாசலில் குனிந்து நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. நெட்டை. அந்தக் கடைசி நாளில் உன்னோடு ஜோடியாக ஆடி, ஒரே ஓர் அடி கூடுதலாக அடித்து உன்னிடம் தோற்றவள். பேன்ட் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் நாங்கள் நீளத்தைக் குறைப்போம், அவளுக்கு மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுக்க வேண்டும். நான் நல்ல முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கணுக்காலில் டேப்பை வைத்தேன். மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தங்கச்சி நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"கையில கட்டுப் போட்டிருந்தாளே, டிவியில பார்த்தேன்."

"பரவாயில்ல இப்ப."

"பார்த்து ஆடச் சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினாள். ரசீது எழுதும்போது, எங்கே வேலை என்று நானாகக் கேட்டேன். பக்கத்து ஊரில் வலை கட்டிய பயிற்சி மைதானம் இருக்கிறதாம். அங்கே வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். சாயந்திரம் கூடையை எடுத்துக்கொண்டு பந்துகளையும் அவளே பொறுக்குகிறாள். போட்டியில் ஆடுவதை அந்த வருஷமே விட்டுவிட்டாளாம். அவள் போன பிறகு நான் தைத்த முதல் மடிப்பு கோணலாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன், அதுவும் கோணல்.

இப்போது கேள். மேடையும் இல்லை, நன்றியும் இல்லை, மட்டையும் இல்லை.

பதினெட்டாவது குழி. உன் பந்து ஓரத்தில் நீளப் புல்லுக்குள் கிடந்தது. முதல் நாளே எல்லாப் பந்திலும் நான் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைப்பேன், உனக்குத் தெரியும். என் நகத்தில் ஒரு நாளும் வைத்ததில்லை, உன் பந்துகளுக்குத்தான் அத்தனை அலங்காரமும். அந்தப் பந்தில் புள்ளி உச்சியில் இருந்தது, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு. நீ மட்டையை அதன் பின்னால் வைத்தாய். புல் அமுங்கியது. பந்து உருண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உச்சியில் இருந்த புள்ளி பக்கவாட்டுக்கு வந்தது. நான் பார்த்தேன்.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னக்கா?" என்று கேட்டாய். உனக்குச் சந்தேகம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கையைத் தூக்கி, பந்து அசைந்ததற்குத் தண்டமாக ஓர் அடியைக் கூட்டிக்கொண்டிருப்பாய். இரண்டு பேரும் சமம், மறுபடி ஆடியிருப்பீர்கள். நீ ஜெயித்தாலும் ஜெயித்திருப்பாய். நான் என்ன சொன்னேன்? "ஒண்ணுமில்ல. அடி."

நீ என் வாயை நம்பி அடித்தாய். கணக்கு எழுதும் கூடாரத்தில் உன் அட்டையை வைத்திருந்தது நெட்டைதான். பதினெட்டாவது குழிக்கான கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு "நாலுதானே?" என்று கேட்டாள். நீ தலையாட்டினாய். மறுபடி, "நாலுதானே?" என்றாள். நீ "நாலு" என்றாய். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் கூடாரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன்னைத் திருடியாக்கிவிட்டு, அது உனக்கே தெரியாமல் உன் பக்கத்தில் எப்படிப் படுத்துத் தூங்குவது? சொன்னால் நீ கோப்பையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவாய். சொல்லாவிட்டால் நான் செத்துவிடுவேன். அதனால் மட்டைகளைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. தண்டனையும் எனக்குத்தான் கொடுத்துக்கொண்டேன். உனக்கும் சேர்ந்து வலித்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நெட்டைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பேன்ட் சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

படித்தேன். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. கொஞ்சம் பொறு.

குட்டி

ஆகஸ்ட் 19

அக்கா,

இரண்டு போட்டி ஆடினேன், இரண்டிலும் பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். அதைச் சாக்கு வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். இனி சாக்கு இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்பாமல் விட்டுவிட்டால் என்னைவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நீ உன்னையே திட்டிக்கொண்டு இருப்பாய், நான் ஒன்றும் அறியாத தங்கச்சியாகவே இருந்துவிடலாம். அந்த ஆசை எனக்கு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நானும் பார்த்தேன்.

பந்து என் மட்டைக்குக் கீழே இருந்தது. உனக்கு நாலு எட்டு தூரம், எனக்கு என் கண்ணுக்கு நேர் கீழே. புள்ளி சாய்ந்ததை நான் பார்த்தேன். மட்டையில் அது லேசாக முட்டியது கையிலும் தெரிந்தது. சந்தேகமே இல்லை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் ஏன் உன்னைப் பார்த்து "என்னக்கா?" என்று கேட்டேன் தெரியுமா? நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நான் எதைக் கேட்டு நீ இல்லை என்று சொல்லியிருக்கிறாய்? என் முகத்தைப் பார்த்தால் நீ "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாய். நீ சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். நீ சொன்ன பிறகு அது என் பொய் இல்லை, உன் பொய். அப்படித்தான் அந்த ஒரு நொடியில் நினைத்தேன். நினைத்ததுகூட இல்லை, அதற்குள் கை வீசிவிட்டது.

அப்புறம் நீ போய்விட்டாய். நன்றி சொல்லாததால் கோபம் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கட்டிக் கட்டி அதை நிஜமாகவே நம்பிவிட்டேன். ஜூனில் உன்னிடம் தப்பு என்ன சொல் என்று சண்டை போட்டேனே, அப்போதுகூட எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் "புள்ளி" என்ற இடம் வந்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் பந்துகளில் சிவப்புப் புள்ளி வைத்ததே இல்லை. கறுப்புக் கோடு போடுகிறேன். ஏன் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை. கை நடுக்கம் மணிக்கட்டால் வந்தது இல்லை அக்கா. டாக்டர் மூன்று பேர் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

குட்டி

ஆகஸ்ட் 27

ஒன்பது வருஷம் நான் டிவியில் உன் முகம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். குழந்தையை ஏமாற்றிவிட்டோமே என்று. ஒன்றும் தெரியாத பெண்ணின் தலையில் பாவத்தைக் கட்டிவிட்டோமே என்று. ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தவளை விட்டுவிட்டு வந்தோமே என்று. எத்தனை தடவை தெரியுமா? உனக்குக் கணக்கு எழுதத் தெரியுமே, எழுதிப் பார்.

என்னைக் கேட்டால் பொய் வரும் என்று தெரிந்தே கேட்டிருக்கிறாய். கடையில் ஊசியை எடுத்துத் தா என்பது மாதிரி.

நீ ஒரு வேளை சாப்பாடு தனியாகச் சாப்பிட்டதைப் பெரிதாக எழுதினாய். நான் இங்கே யாரிடமும் என் தங்கை பெயரைக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

எனக்கு எழுதாதே. உன்னிடம் கொட்டித் தீர்க்க என்னிடம் இன்னும் இருக்கிறது, ஆனால் மெஷினில் ஆறு கோட் காத்திருக்கிறது.

செப்டம்பர் 20

அக்கா,

எழுதாதே என்றாய். இது கடைசி. படித்துவிட்டுப் போட்டுவிடு.

நெட்டையைப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வலைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். உள்ளே நாலைந்து பேர் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் வேலை விட்டு வந்தவர்கள், கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை. நெட்டை ஒவ்வொருவர் பின்னாலும் போய்த் தோளைத் திருத்தி வைத்துக்கொண்டிருந்தாள். நீ இறக்கிக் கொடுத்த பேன்ட்தான் போட்டிருந்தாள் என்று நினைக்கிறேன், கணுக்காலைச் சரியாக மூடியிருந்தது.

எல்லோரும் போன பிறகு உள்ளே போனேன். அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தால், "வா, கூடையைப் பிடி" என்றாள். இரண்டு பேரும் பந்து பொறுக்கினோம். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்குப் பதினெட்டாவது குழியில என் பந்து அசைஞ்சுது" என்றேன்.

அவள் குனிந்தபடியே, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"உனக்குப் பின்னாலதானே நின்னேன். செவப்பா ஒரு புள்ளி மேல இருந்துச்சு. நீ மட்டையை வச்சதும் பக்கத்துல வந்துருச்சு."

கூடையைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன் சொல்லல? அப்பவே சொல்லியிருந்தா நீங்க…"

நிமிர்ந்தாள். கோபமாகக்கூட இல்லை அக்கா. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு தடவை கேட்டேனே" என்றாள். "நாலுதானேன்னு ரெண்டு தடவை கேட்டேன். நீ சொல்லுவேன்னுதான் கேட்டேன். மூணாவது தடவை கேட்க மனசு வரல. உன் கை அப்படி ஆடிட்டிருந்துச்சு."

கொஞ்ச நேரம் பந்துகளைத் துடைத்தாள். அப்புறம் அவளாகவே பேசினாள். "உனக்கு அது முதல் வெற்றி. எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு, இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்கு, நான் அப்புறம் ஜெயிச்சுக்கலாம்னு நெனச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. அடுத்த போட்டியில ஒரு பொண்ணோட அட்டைய நீட்டினாங்க, கையெழுத்துப் போடணும். பேனா நகரல. அதுக்கடுத்த போட்டியிலயும் நகரல. பொய்யின்னு தெரிஞ்சே ஒண்ணுல போட்டவ, இனிமே எதுல போட்டா என்ன, போடாட்டி என்னன்னு தோணிருச்சு. நாலு மாசத்துல விட்டுட்டேன்."

அவள் தோற்றது ஓர் அடியில் என்று நினைத்திருந்தோம் அக்கா. நாம் அவளுடைய கையெழுத்தையே எடுத்துக்கொண்டோம்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் மீதிப் பந்துகளைப் பொறுக்கி முடித்துவிட்டு, வலைக் கதவைப் பூட்ட வேண்டும் எழுந்திரு என்றாள். கோப்பையைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதை வச்சு நான் என்ன பண்ண? பேனா ஸ்டாண்டா?" என்றாள். சிரித்தமாதிரி இருந்தது.

மறுநாள் காலையிலேயே கோல்ஃப் சங்கத்துக்கு எழுதிவிட்டேன். பந்து அசைந்தது, தெரிந்தே மறைத்தேன், அட்டையில் பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று. பையைத் தூக்கிய என் அக்கா அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது என்றும் எழுதினேன். நகல் இதோடு இருக்கிறது. விசாரணை முடியும் வரை எதிலும் ஆட முடியாது என்று பதில் வந்துவிட்டது. அதனால் அக்டோபர் போட்டி இல்லை. இரண்டு வருஷமும் இல்லை. இருபது வருஷம் ஆடி முடித்தாயிற்று.

இன்று காலை விடிந்ததும் வழக்கம்போல் எழுந்து காலணி மாட்டிவிட்டேன். எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

குட்டி

நவம்பர் 6

குட்டி,

எழுதாதே என்று சொன்னவள்தான் எழுதுகிறேன். சிரிக்காதே.

அந்த நகலைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் ஒரு நல்ல கோட்டின் கையைத் தப்பான பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். ஒன்பது வருஷம் கழித்து வாயைத் திறந்தாய், அதிலும் ஒரு பொய்யா? வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாளாம் அக்கா! நான் என்றைக்கடி உன் பந்தைவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்? உன்னைக் காப்பாற்ற நான் ஒரு பொய் சொன்னதற்கே மூன்று பேர் வாழ்க்கை இப்படிக் கிடக்கிறது. என்னைக் காப்பாற்ற நீ ஒன்று சொல்கிறாய். நம் இரண்டு பேருக்கும் புத்தி வராது.

நானும் சங்கத்துக்கு எழுதிவிட்டேன். நான் பார்த்தேன், அடி என்று சொன்னது நான்தான் என்று. என் கையெழுத்தைக் கீழே போட்டேன். எழுதும்போது கடைக்கார அம்மா பக்கத்தில் வந்து நின்றார். கடிதத்தில் உன் பெயரைக் காட்டி, இது யார் என்று கேட்டார். என் தங்கச்சி என்றேன். டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், பட்டன் பொறுக்கப் போய்விட்டார்.

நீ படுத்துக்கொண்டே அழுதுகொண்டிருப்பாய் என்று தெரியும், அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்துக்குப் போனேன். போட்டி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, கொடிகளைக் கழற்றியிருந்தார்கள். கிளப் வாசலில் ஜெயித்தவர்கள் பெயரை வருஷவாரியாக எழுதிய பலகை இருக்கும் இல்லையா, அதைப் பார்க்கத்தான் போனேன். உன் பெயரைச் சுரண்டிவிட்டார்கள். நெட்டையைக் கேட்டிருக்கிறார்கள், அங்கே தன் பெயரைப் போட வேண்டாம் என்றிருக்கிறாள். அதனால் அந்த வருஷம் மட்டும் இருக்கிறது, எதிரே யாரும் இல்லை. மரம் புதிதாக, வெள்ளையாகத் தெரிகிறது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள், விரலில் மரச் சிலாம்பு ஏறிவிட்டது.

நெட்டை புதன்கிழமை இன்னொரு பேன்ட்டோடு வந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை, அவள் கணுக்காலிடமே சொன்னேன். "நானும் பார்த்தேன். நான்தான் அடின்னு சொன்னேன்."

"அன்னிக்கே கேட்டுச்சு" என்றாள்.

டேப் என் கையிலிருந்து நழுவிவிட்டது. அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு விரல் இறக்கினா போதும்" என்றாள். பேன்ட்டைத்தான் சொன்னாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியவில்லை. ஆனால் மூன்றாவது தடவையும் நம் கடைக்கே வருகிறேன் என்றாள். ரசீதில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் மெஷினைப் பார்க்கிறமாதிரி திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது போட்டுவிட்டுப் போயிருந்தாள். சின்னக் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினமாதிரி.

உன் மேல் எனக்குக் கோபம் போய்விடவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. கோபத்தோடேயே ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நம் அப்பா நம்மை அப்படித்தானே வளர்த்தார். இங்கே இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் துணி அடைத்து வைத்திருக்கிறேன், நேற்று ஒழித்துவிட்டேன். உனக்குத் தைக்கத் தெரியாது என்று தெரியும். பட்டன் தைக்கலாம். கை நடுங்கினால் பெரிய பட்டனாகத் தருகிறேன். மட்டைகளையும் கொண்டு வா, நன்றாகத் துடைக்க ஆளில்லாமல் துரு ஏறியிருக்கும்.

எந்த பஸ், எத்தனை மணி என்று எழுது. வந்து நிற்கிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நீ என் முகத்தைப் பார்த்து "என்னக்கா?" என்று கேட்டால், நான் பார்த்ததைத்தான் சொல்வேன். அதற்குச் சம்மதம் என்றால் வா.

அக்கா